கூட்டினால் இரட்டிப்பு, தேடினால் காணோம்: குழம்பிய ஷீட்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பார்க்க அழகாக இருக்கும் ஷீட்தான் பெரும்பாலும் பிவட் டேபிளை (தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணையை) படுத்தி எடுக்கும். நடுவில் மெர்ஜ் செய்த தலைப்பு, பிரிவுக்கொரு நிறம், ஒவ்வொரு பிரிவுக்கும் அடியில் தடித்த எழுத்தில் ஒரு கூட்டுத்தொகை. அச்சடித்துப் படிக்க அது நன்றாகவே இருக்கும். கணக்குப் போட வேண்டியது வேறு மாதிரி. நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: ஷீட்டை அச்சடித்து, ஏதோ ஒரு வரியைக் கத்தரித்து, ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எது, எப்போது, எவ்வளவு என்று அந்தத் துண்டை மட்டும் பார்த்து அவர் சொல்ல முடிந்தால் ஷீட் தயார். "மேலே என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டால் வேலை பாக்கி.

தொடங்கும் முன் இரண்டு காரியம். மூல ஃபைலை நகலெடுத்து, மூலத்தைத் தொடாமல் விடுங்கள். அடுத்து, வரிகள் எத்தனை, முக்கியமான எண்களின் கூட்டுத்தொகை எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் சாட்சித் தொகை என்பேன். கீழே பல இடங்களில் அதைக் கூப்பிடுவோம்.

வழிமுறைகள் பெரும்பாலும் எக்செலின் பவர் குவெரியில், அதாவது தரவைப் படிப்படியாகச் சுத்தம் செய்து ஏற்றும் கருவியில். எக்செல் 2016 முதல் 'டேட்டா' தாவலிலேயே இருக்கிறது. ஃபங்ஷன், மெனு பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்; செல்லில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பிவட்டில் 'மாதம்' என்று ஒரு ஃபீல்டு இல்லை. ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு ஃபீல்டுகள் நிற்கின்றன

மாதம் என்பது ஒரு தகவல். அது செல்லுக்குள் இல்லாமல் தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அகலமான ஷீட்டை நீளமாக்க வேண்டும்.

ஷீட்டுக்குள் ஒரு செல்லைத் தொட்டு 'ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்' கொடுங்கள். பவர் குவெரி திறந்ததும் மாதங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பகுதி, பொருள் போன்ற அடையாள நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'அன்பிவட் அதர் காலம்ஸ்'. அடுத்த ஆண்டு ஷீட்டில் புதிய மாதங்கள் சேர்ந்தாலும் அவை தாமாகவே உள்ளே வரும். மாதங்களைப் பேர் சொல்லி 'அன்பிவட் ஒன்லி செலக்டட்' கொடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது. பைத்தானில் பாண்டாஸ் பயன்படுத்துபவருக்கு இதே வேலை 'மெல்ட்'. ஆர் மொழியில் 'பிவட் லாங்கர்'.

இதில் சத்தமே போடாத ஒரு பொறி இருக்கிறது. முன்பு:

வடக்கு | மேசை | ஜன 12 | பிப் 9 | மார் (காலி)

பின்பு:

வடக்கு | மேசை | ஜன | 12
வடக்கு | மேசை | பிப் | 9

மார்ச் எங்கே? காலிச் செல்களை அன்பிவட் கேட்காமலே தூக்கிப் போட்டுவிடும். 40 வரி, 12 மாதம் என்றால் 480 வரி வர வேண்டும். 463 வந்தால் 17 காலிகள் போய்விட்டன என்று பொருள். கூட்டுத்தொகை மாறாது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சராசரி எடுக்கும்போதும், 'எந்த மாதம் அறிக்கை வரவில்லை' என்று கேட்கும்போதும்தான் வலிக்கும். காலி என்றால் 'தகவல் வரவில்லை' என்று பொருளா, 'ஒன்றும் விற்கவில்லை' என்று பொருளா என்பதை ஷீட் போட்டவரிடம் கேளுங்கள். பின்னது என்றால் அன்பிவட்டுக்கு முன் 'நல்' (காலிச் செல்லை பவர் குவெரி காட்டும் பெயர்) என்பதை 0 ஆக்குங்கள். முன்னது என்றால், எண் வகைக்கு மாற்றும் முன் 'வரவில்லை' என்ற சொல்லைப் போட்டு அன்பிவட் செய்து, பிறகு அந்தச் சொல்லைத் திரும்பவும் 'நல்' ஆக்கிக்கொள்ளுங்கள். ஊகித்து 0 போடுவது மட்டும் வேண்டாம்.

மாதப் பெயரை எழுத்தாகவே விட்டால் அகரவரிசையில் அக்டோபர் முதலிலும், ஆகஸ்ட் அடுத்தும், ஏப்ரல் மூன்றாவதாகவும் வந்து நிற்கும். ஆண்டையும் சேர்த்து, மாதத்தின் முதல் நாள் தேதியாக மாற்றிவிடுங்கள்.

பாதிக்கு மேல் 'பிளாங்க்' என்ற பெயரில் குவிகிறது

'வடக்கு' என்று ஒருமுறை எழுதி, கீழே ஏழு வரியைக் காலியாக விட்டிருப்பார்கள். அல்லது எட்டு செல்லையும் மெர்ஜ் செய்திருப்பார்கள். மெர்ஜில் மதிப்பு இருப்பது மேல்-இடது மூலைச் செல்லில் மட்டும். மற்றவை உண்மையிலேயே காலி.

பவர் குவெரியில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்து 'ஃபில் டவுன்'. அவ்வளவுதான். நிரம்பவில்லையா? செல்லில் இருப்பது 'நல்' அல்ல, நீளமே இல்லாத வெற்று எழுத்து. ரீப்ளேஸில் மேல் பெட்டியை ஒன்றும் எழுதாமல் விட்டு, கீழே 'நல்' என்று ஆங்கிலத்தில் எழுதி மாற்றிவிட்டு, மறுபடி ஃபில் டவுன். ஷீட்டிலேயே செய்வதானால்: நெடுவரிசையைத் தேர்ந்து எஃப்5, 'ஸ்பெஷல்', 'பிளாங்க்ஸ்', பிறகு சமக்குறி, மேல் அம்புக்குறி, கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து. முடிந்ததும் 'வேல்யூஸ்' ஆக ஒட்டுவதை மறந்தால், முதல் சார்ட்டிலேயே (வரிசைப்படுத்தலிலேயே) எல்லாம் இடம் மாறிவிடும்.

எண் நெடுவரிசையில் ஃபில் டவுன் கொடுக்காதீர்கள். நிரப்பும் முன் யாராவது ஷீட்டைச் சார்ட் செய்திருந்தால், எந்தக் காலி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது அந்த நகலில் இனி இல்லை. மூலத்துக்குத் திரும்புங்கள்.

கூட்டுத்தொகை சரியாக இரண்டு மடங்கு, அல்லது மூன்று மடங்கு

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் மடங்கே நோயைச் சொல்லிவிடும். வடக்கில் 120, 95. கீழே மொத்தம் 215. தெற்கில் 140, 60. கீழே மொத்தம் 200. அடியில் பெருமொத்தம் 415. நெடுவரிசை முழுவதையும் கூட்டினால் 1,245. அதாவது 415-இன் மூன்று மடங்கு: விவரம் ஒருமுறை, பிரிவு மொத்தம் ஒருமுறை, பெருமொத்தம் ஒருமுறை. இரண்டு மடங்கு என்றால் பிரிவு மொத்தங்களோ பெருமொத்தமோ ஒன்றுதான் உள்ளே இருக்கிறது. 2.3 மடங்கு என்றால் சில பிரிவுக்கு மொத்தம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, அல்லது யாரோ கையால் தட்டிய மொத்தம் தப்பு.

மொத்தம் போட்ட வரிகளை வடிகட்டித் தூக்கவேண்டும். எப்படி வடிகட்டுகிறோம் என்பதில் கவனம். ஒருமுறை 'மொத்த' என்ற சொல் வரும் எல்லா வரிகளையும் நீக்கு என்று கொடுத்து, 'மொத்த வியாபாரம்' என்ற வாடிக்கையாளர் வகையையே அடியோடு அழித்துவிட்டேன். பிவட் அழகாக வந்தது. சாட்சித் தொகைதான் காட்டிக்கொடுத்தது. 'மொத்தம்' என்று முழுச் சொல்லாக முடியும் வரிகளை நீக்குவது மேல். 'மொ.', 'கூடுதல்', 'ஆக' என்றெல்லாம் எழுதியிருப்பார்களா என்று அந்த நெடுவரிசையின் தனித்தனி மதிப்புகளை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கடைசி நெடுவரிசையாக 'ஆண்டு மொத்தம்' நிற்பதையும் அன்பிவட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்; விட்டால் அது பதின்மூன்றாவது மாதமாகிவிடும்.

தூக்கும் முன் அந்த மொத்தங்களைத் தனி ஷீட்டில் சேமித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த தரவிலிருந்து நீங்கள் போடும் மொத்தத்தை ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தலைப்பு இரண்டு வரியில் இருக்கிறது. ஏற்றியதும் 'காலம்1', 'காலம்2' என்று பெயர் விழுகிறது

மேல் வரியில் 2022, 2023; ஒவ்வொன்றின் கீழும் 'இலக்கு', 'அடைந்தது'. டேபிளுக்கு ஒரு தலைப்பு வரிதான் தெரியும், அதிலும் பெயர் திரும்ப வரக்கூடாது. அதனால் ஏற்றும்போதே 'மை டேபிள் ஹாஸ் ஹெடர்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

இப்போது 'டிரான்ஸ்போஸ்'. தலைப்பு வரி இரண்டும் படுத்திருந்தது எழுந்து முதல் இரண்டு நெடுவரிசைகளாக நிற்கும். முதல் நெடுவரிசையில் ஃபில் டவுன்: 2022-க்குக் கீழே இருந்த காலியில் 2022 வந்துவிடும். இரண்டையும் நடுவில் ஒரு நேர்கோட்டுக் குறி வைத்து 'மெர்ஜ் காலம்ஸ்' செய்தால் '2022|இலக்கு', '2022|அடைந்தது' என்று கிடைக்கும். மறுபடி டிரான்ஸ்போஸ், முதல் வரியைத் தலைப்பாக்கு, அடையாள நெடுவரிசைகளைத் தவிர மற்றவற்றை அன்பிவட், பிறகு அந்தக் குறியை வைத்து 'ஸ்பிளிட் காலம்'. ஆண்டு ஒரு நெடுவரிசை, அளவின் பெயர் ஒரு நெடுவரிசை, மதிப்பு ஒரு நெடுவரிசை.

பகுதி, பொருள் போன்ற பெயர்களுக்கு முன்னால் அந்தக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டிவிடுங்கள். இலக்கையும் அடைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விகிதம் பார்க்க வேண்டுமென்றால், அளவின் பெயர் நெடுவரிசையைத் தேர்ந்து 'பிவட் காலம்', உள்ளே 'டோன்ட் அக்ரிகேட்'. அங்கே 'எரர்' என்று வந்தால், ஒரே அடையாளத்துக்கு இரண்டு வரி இருக்கிறது. ஷீட்டில் ஒரே பொருள் இருமுறை ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பிழை வந்தது நல்லதற்கே.

லட்சக்கணக்கில் வரியுள்ள ஷீட்டில் டிரான்ஸ்போஸ் மூச்சு வாங்கும். அப்போது தலைப்பு இரண்டு வரியை மட்டும் தனி குவெரியாகப் பிரித்துச் செய்து, கடைசியில் ஒட்டுவது புத்திசாலித்தனம்.

சம் போட்டால் பூஜ்யம். பிவட் 'சம்'முக்குப் பதில் 'கவுண்ட்' காட்டுகிறது

எண் மாதிரி தெரிவது எழுத்து. பக்கத்துச் செல்லில் இஸ்நம்பர் போட்டுப் பாருங்கள். பச்சை முக்கோணம் இருந்தால் 'கன்வெர்ட் டு நம்பர்' போதும். டிரிம் போட்டும் மசியவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி அல்ல. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் 160-ஆம் எண் இடைவெளி. டிரிம்முக்கு 32-ஆம் எண் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதனால்: =வேல்யூ(சப்ஸ்டிடியூட்(ஏ2, யூனிகேர்(160), "")). '25 பெட்டி' என்று அலகோடு எழுதியிருந்தால் அலகைத் தனி நெடுவரிசைக்கு அனுப்புங்கள். வெறுமனே அழித்தால் நடுவில் எங்கோ இருக்கும் '3 டஜன்' 3 ஆகிவிடும்.

தேதிகளில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன

இங்கே நிதானமாக நில்லுங்கள். பெரும்பாலோர் சரியில்லாததை விட்டுவிட்டு, சரியாக இருப்பதைத் திருத்துவது இந்த இடத்தில்தான்.

மூலத்தில் நாள்/மாதம்/ஆண்டு. திறந்த கணினியின் அமைப்போ மாதம்/நாள்/ஆண்டு. எக்செல் 25/04/2023-ஐப் பார்க்கிறது. 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எழுத்தாகவே இடப்பக்கம் விட்டுவிடுகிறது. அடுத்து 03/04/2023. இது ஏப்ரல் 3. எக்செல் அதை மார்ச் 4 என்று மனதார ஏற்றுக்கொண்டு, தேதியாக்கி, வலப்பக்கம் நிறுத்திவிடுகிறது. பார்ப்பவருக்கு இடப்பக்கம் நிற்பது நோயாளி, வலப்பக்கம் நிற்பது ஆரோக்கியசாலி. உண்மையில் இடப்பக்கம் நிற்பது பத்திரமாக இருக்கிறது. வலப்பக்கம் நிற்பதுதான் கெட்டுப்போனது.

உறுதிப்படுத்த எளிய வழி: தேதியாக மாறிய செல்களில் டே ஃபங்ஷன் போட்டு, பெரிய எண் எது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான தேதிகளில் 12-க்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன.

மூல சிஎஸ்வி ஃபைல் இருந்தால் அதையே 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் புதிதாக ஏற்றுங்கள். தானாகச் சேரும் 'சேஞ்ச்டு டைப்' படியை அழித்துவிட்டு, தேதி நெடுவரிசையில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொகேல்'. நாள் முதலில் வரும் ஒரு லொகேலை (நாட்டு அமைப்பை) தேர்ந்தெடுங்கள். மூலம் இல்லை, கெட்ட ஷீட் மட்டும்தான் என்றால், வலப்பக்கச் செல்களுக்கு =டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2)) என்று நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுங்கள். இடப்பக்கத்து எழுத்துத் தேதிகளுக்கு =டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2)). இரண்டையும் இஸ்நம்பர் வைத்துப் பிரிக்கும் ஒரே இஃப்புக்குள் போட்டுவிடலாம். ஒருமுறைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் முறை ஓட்டினால் மறுபடி தலைகீழ்.

45000 என்பதுபோல் ஐந்திலக்க எண் தெரிந்தால் அது நோயே அல்ல. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. 45000 என்பது 2023 மார்ச் 15. ஃபார்மட்டை மாற்றினால் போதும். எல்லாத் தேதிகளும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நிற்கின்றன என்றால், அந்த ஃபைல் 1904-ஐத் தொடக்கமாகக் கொண்ட அமைப்பில் உருவானது. வித்தியாசம் 1,462 நாட்கள். கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

கண்ணுக்கு ஒரே பெயர். லுக்கப்பிலோ மெர்ஜிலோ (இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது) பொருந்தவில்லை

முதலில் பின்னால் ஒளிந்திருக்கும் இடைவெளியைத் தேடுங்கள். பத்தில் பெரும்பான்மை அதுதான். ஆங்கிலப் பெயர்கள் என்றால் பவர் குவெரி பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும், விலுக்கப் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ்த் தரவில் இன்னொரு வினோதம் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடாக. அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக. திரையில் ஒரு முடி அளவுகூட வித்தியாசம் தெரியாது. லென் போட்டால் ஒன்று 2, மற்றது 3. பவர் குவெரிக்கும் பாண்டாஸுக்கும் இவை இரண்டு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலும், பிடிஎஃபிலிருந்து எடுத்த பெயர்களிலும் இது வரும். பைத்தானில் யூனிகோட்டேட்டா நார்மலைஸை 'என்எஃப்சி' வடிவில் ஓட்டினால் ஒரே அடியில் முடிந்தது. எக்செலில்: =சப்ஸ்டிடியூட்(ஏ2, யூனிகேர்(3014)&யூனிகேர்(3006), யூனிகேர்(3018)). ஓகாரத்துக்கு 3015, 3006 சேர்ந்து 3019.

ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியிருப்பதை எந்த நார்மலைஸும் பிடிக்காது. 'ஸ்ரீ'யும் அப்படியே: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவற்றுக்கு மாற்றுப் பட்டியல் ஒன்றைக் கையால் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறந்ததும் தமிழ் முழுக்க மேற்கத்தியக் குறிகளாகச் சிதறினால், சேமிக்காமல் மூடுங்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அதை மூன்று தனி எழுத்தாக வாசித்துவிட்டது. ஏற்றும்போது 'ஃபைல் ஆரிஜின்' இடத்தில் 65001 தேர்ந்தால் சரியாகும். சிதறிய நிலையிலேயே சேமித்தால் கதை முடிந்தது.

சேர்த்த பிறகு வரிகள் பெருகிவிட்டன

500 வரியோடு விலைப்பட்டியலை மெர்ஜ் செய்தீர்கள், 512 வந்தது. விலைப்பட்டியலில் சில குறியீடுகள் இருமுறை இருக்கின்றன. 'குரூப் பை' கொடுத்து எண்ணிக்கை 1-ஐத் தாண்டுபவற்றைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்தாதீர்கள்: பழைய விலை, புதிய விலை என்று இரண்டு உண்மையான வரிகளாகவும் இருக்கலாம்.

ஒரே செல்லில் பல பெயர்கள். அல்லது பொருள் நிறத்தில் இருக்கிறது

முதலாவதற்கு 'ஸ்பிளிட் காலம்', அதன் 'அட்வான்ஸ்டு'க்குள் 'ரோஸ்'. தொகை நெடுவரிசையும் கூடவே பிரதியாகும் என்பதால் அதன் பிறகு தொகையைக் கூட்டாதீர்கள். நிறத்தை எந்தக் குவெரியும் வாசிக்காது. ஷீட்டிலேயே நிறத்தால் ஃபில்டர் செய்து, 'நிலை' என்று ஒரு நெடுவரிசை போட்டு, சொல்லால் எழுதுங்கள்.

குறியீட்டின் முன் பூஜ்யம் காணோம், கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிட்டன, சில வரிகளே இல்லை

எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைக்கும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிட்டால் அந்த ஃபைலிலிருந்து அதை மீட்க முடியாது. கூட்டல் கழித்தல் செய்யாத எதையும் ஏற்றும்போதே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுவதே வழி. தானாக மாற்றும் இந்தக் குணத்தோடு மல்லுக்கட்டி மரபணு ஆய்வாளர்களே களைத்துப்போனார்கள். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டது. 2020-இல் வெளியான பெயரிடல் விதிகளிலும் இதைக் கணக்கில் எடுத்தார்கள்.

வரிகள் 65,536-இலோ 10,48,576-இலோ சரியாக நின்றால், தரவு அங்கே முடியவில்லை, ஷீட்தான் முடிந்திருக்கிறது. முதல் எண் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லை, இரண்டாவது இன்றைய எல்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வடிவத்தில் தொற்றுப் பட்டியலை ஏற்றியதால் 15,841 பேரின் விவரம் சில நாட்கள் அறிக்கையில் வராமல் போனது. பெரிய தரவை ஷீட்டில் கொட்டாமல், பவர் குவெரியிலிருந்து நேராக 'டேட்டா மாடலில்' (ஷீட்டுக்கு வெளியே எக்செல் வைத்திருக்கும் தரவுக் கிடங்கில்) ஏற்றுங்கள்.

இந்த மாதம் ஓடியது, அடுத்த மாதம் 'நெடுவரிசையைக் காணோம்' என்று நிற்கிறது

ஏற்றியவுடன் பவர் குவெரி தானாகச் சேர்க்கும் 'சேஞ்ச்டு டைப்' படியைத் திறந்து பாருங்கள். ஷீட்டில் அன்று இருந்த ஒவ்வொரு நெடுவரிசையின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். 'ஜன-23' போய் 'ஜன-24' வந்ததும் பழைய பெயரைத் தேடித் திணறுகிறது. அந்தப் படியை அழித்துவிட்டு, அன்பிவட் எல்லாம் முடிந்து நெடுவரிசைகள் நான்கோ ஐந்தோ ஆன பிறகு, கடைசியில் வகையை நிர்ணயியுங்கள். அப்போது அதற்குத் தெரிந்த பெயர்கள் பகுதி, பொருள், மாதம், அளவு மட்டும்தான். அவை எந்த மாதமும் மாறப்போவதில்லை. தலைப்பில் யாராவது 'பொருள்' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி தட்டிவிட்டால் மட்டும் மறுபடி நிற்கும். அதற்கு, தலைப்பு வரியை ஏற்றியதும் முதல் படியாக எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரு டிரிம் போட்டு வையுங்கள்.